அடித்தல் திருத்தலுடன் ஓர் ஓட்டு

“திருடன் ஒருத்தனா, பொய்யன் பல பேரா? எதுன்னு ரெண்டு மணிக்குள்ள கண்டுபிடிக்கணும், மாப்ளே” என்றார் துப்பறிவாளர்.

“பொய்யன் பல பேருன்னா அதுக்குப் பேரு சங்கம், மாமா” என்றான் மச்சினன்.

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. இவன் அக்காளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த வாயையும் சேர்த்துத்தான் கட்டி மேய்க்கிறார். ஒவ்வொன்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தால் தொழில் நடக்குமா? மச்சினனும் அதற்கெல்லாம் வருத்தப்படுகிறவன் இல்லை. அவனுக்குச் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். வாய்க்குள்ளேயே வைத்திருந்தால் அவனுக்கு வயிறு வலிக்கும்.

இருவரும் கல்லூரியின் ஆசிரியர் ஓய்வறை வாசலில் நின்றிருந்தார்கள். காலையில்தான் கல்லூரி முதல்வர் ஆளனுப்பி வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, சமாசாரத்தைச் சொல்லியிருந்தார்.

ஓய்வறையில் இரண்டு நீள மேஜைகள். ஒன்று ஜன்னலோரம், இன்னொன்று மின்விசிறிக்கு அடியில். ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடிப்பவர் முற்போக்கு. விசிறிக்கு அடியில் குடிப்பவர் நிர்வாகத்தின் ஆள். வேலையில் சேரும் முதல் நாள் எங்கே நாற்காலி காலியாக இருக்கிறதோ, அதுதான் ஆயுசுக்கும் கொள்கை. பிறகு அதற்குத் தகுந்த புத்தகங்களைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆசிரியர் சங்கத் தலைவர் தேர்தலில் ஜன்னல் மேஜை சார்பில் நின்றவர் பொருளாதாரப் பேராசிரியை. ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று மாடிக்கும் கேட்கும் குரல் என்பதால் அவருக்கு ‘முழக்கம் மேடம்’ என்று பெயர். அவருடைய கோரிக்கை ஒன்றே ஒன்று: தற்காலிக ஆசிரியர்கள் எல்லோரையும் நிரந்தரமாக்கு. விசிறி மேஜையில் நின்றவர் வேதியியல்காரர். நிர்வாகம் நில் என்றாலும் உட்கார் என்றாலும் “சரிங்க” என்பார். அதனால் ‘சரிங்க சார்’.

விசிறி மேஜையைவிட ஜன்னல் மேஜையில் ஒன்பது பேர் அதிகம். ஒருத்தர் விடாமல் எல்லோரும் ஓட்டுப் போட்டிருந்தார்கள். முடிவு என்னவென்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வெளிக் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்து எண்ணிப் பார்த்தபோது, சரிங்க சார் ஒரே ஓட்டில் ஜெயித்திருந்தார். அறிவித்ததும் அவரே நம்பாமல் “சரிங்களா?” என்று கேட்டாராம்.

முழக்கம் மேடம் அன்றைக்கே புகார் கொடுத்துவிட்டார். பெட்டியில் இருந்தவை கள்ளச் சீட்டுகள். மாற்றியவன், ஓர் இரவு பெட்டியைப் பூட்டி வைத்திருந்த அலமாரியின் சாவியைக் கையில் வைத்திருந்தவன். அதாவது, அவருடைய துறையிலேயே வேலை பார்க்கும் தற்காலிக ஆசிரியர். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், ‘தற்காலிகம்’ என்றே கூப்பிடுவார்கள். தற்காலிக ஆசிரியர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு கிடையாது. ஓட்டு இல்லாதவன்தான் நடுநிலையானவன் என்று கணக்குப் போட்டு, இரண்டு மேஜைகளும் சேர்ந்தே அவரிடம் சாவியைக் கொடுத்திருந்தன.

இன்று இரண்டு மணிக்கு ஆட்சிக் குழு கூடுகிறது. பழி நின்றுவிட்டால் தற்காலிகத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஓட்டுச் சீட்டைத் திருடியவன் என்ற பெயரோடு வேறெந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். இவர் ஒருவர் சம்பளத்தில் அடுப்பு எரிகிறது. இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பது என்றால் இதுதான் என்று மச்சினனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தற்காலிகம் நடைக்கூடத்தில் காத்திருந்தார். கையில் சாக்பீஸ் தூசி.

“மேடம் ஜெயிச்சா எனக்கு வேலை நிரந்தரம், சார். அவங்களைத் தோக்கடிக்க நானே சீட்டை மாத்துவேனா?”

“அந்த மேடம்தானே உங்க மேல புகார் கொடுத்தது?” என்றார் துப்பறிவாளர்.

“அவங்க மேல தப்பில்ல, சார். யாரோ ஏத்தி விட்டிருக்காங்க. எங்களுக்காக எத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்துறாங்க. தங்கமான மனசு.”

மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். துப்பறிவாளர் அவன் காலை மிதித்தார்.

ஓய்வறைக்குள் ஜன்னல் மேஜை நிரம்பியிருந்தது. இவர்களைக் கண்டதும் பேச்சு நின்று, பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் ஜனநாயகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். துரோகம் என்றார் ஒருவர். சதி என்றார் இன்னொருவர். மூலையில் வரலாற்றுப் பேராசிரியர் செய்தித்தாளின் குறுக்கெழுத்தைப் போட்டுக்கொண்டே, “வரலாறு இதை மன்னிக்காது” என்றார். தப்பாக எழுதிய ஓர் எழுத்தை ஒரு கோட்டால் அடித்தார். மேலே சரியான எழுத்தை எழுதினார். பக்கத்தில் குட்டியாக எதையோ கிறுக்கினார். துப்பறிவாளர் குனிந்து பார்த்தார்.

“என்ன சார் இது, குறுக்கெழுத்துல இனிஷியல் போட்டிருக்கீங்க?”

பேராசிரியர் அப்போதுதான் தாளைப் பார்த்தார். “அட. கை பழகிடுச்சுங்க. விடைத்தாள்ல மார்க்கை அடிச்சுத் திருத்தினா பக்கத்துல இனிஷியல் போடணும். போடலைன்னா பேப்பரே திரும்பி வந்துடும். முப்பது வருஷமா அதே பொழப்பு.”

“வீட்டுல வாங்க வேண்டிய சாமான் எழுதறப்போ நானும் அப்படித்தான் போடுறேன்” என்றார் பக்கத்தில் இருந்த புள்ளியியல்காரர். மேஜை முழுவதும் சிரித்தது. எல்லோருக்கும் அந்த வியாதி இருந்தது.

துப்பறிவாளர் சிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு போகிற போக்கில் சொல்கிறவர் மாதிரி சொன்னார்.

“அப்போ வேலை சுலபமாப் போச்சு. ஓட்டுச் சீட்டுல பேனாவாலதானே டிக் போட்டீங்க? நிஜச் சீட்டா இருந்தா, யாராவது ஒருத்தராவது அடிச்சுத் திருத்தியிருப்பீங்க. திருத்தின கை பக்கத்துல இனிஷியலும் போட்டிருக்கும். கள்ளச் சீட்டு போட்டவனுக்கு அது தோணாது. எண்ண வந்தவங்க வெளியாளுங்க, யார் இனிஷியல்னு அவங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல. ரெண்டு மணிக்கு ஓட்டுச் சீட்டுக் கட்டைப் பிரிச்சு முதல்வரையே பார்க்கச் சொல்லிடுவோம். அவருக்குத்தான் உங்க எல்லார் இனிஷியலும் அத்துப்படியாச்சே.”

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. ஒருவர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் குடிக்காமலே கீழே வைத்தார்.

“நாங்க கீழ விளையாட்டுச் சாமான் அறையிலதான் இருப்போம்” என்று சொல்லிவிட்டு துப்பறிவாளர் வெளியே நடந்தார்.

முதல்வர் இவர்களுக்கு ஒதுக்கியிருந்த இடம் அதுதான். காற்றுப் போன பந்துகள், கிழிந்த வலை, ஒரு பெஞ்சு.

“மாமா, கட்டைப் பிரிக்க முதல்வர் சம்மதிச்சாரா?”

“நான் இன்னும் கேக்கவே இல்லையே.”

“அப்புறம் எதுக்கு அப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டீங்க?”

“குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சொல்லுவாங்க. நம்ம வேலை பெஞ்சைத் துடைச்சு வைக்கிறதுதான். துடை.”

மச்சினன் துடைத்து முடிப்பதற்குள் கதவு திறந்தது. வரலாற்றுப் பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

“சும்மாதான் வந்தேன்.”

“உக்காருங்க சார். சும்மா வர்றவங்களுக்குத்தான் இந்த பெஞ்சு” என்றான் மச்சினன்.

அவர் உட்கார்ந்து ஒரு பந்தை மடியில் வைத்துக்கொண்டார். “ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒருத்தர் முதல்ல மேடத்துக்கு டிக் போட்டுட்டு, அப்புறம் அதை அடிச்சுட்டு இன்னொரு பேருக்குப் போட்டிருந்தா, அந்த ஒருத்தர் பேரு வெளிய வருமா?”

“அந்த ஒருத்தர் இனிஷியல் போட்டாரா?” என்று கேட்டார் துப்பறிவாளர்.

“அதுதானே அந்த ஒருத்தருக்கு ஞாபகம் வரல.”

“அவர் ஏன் சார் மாத்திப் போட்டார்?”

“மேடம் எப்படியும் ஒன்பது ஓட்டுல ஜெயிக்கப் போறாங்க. ஒரு ஓட்டு போனா குடியா முழுகிடும்? இப்போ முதல் மணி வகுப்பெல்லாம் தற்காலிகப் பசங்கதான் எடுக்கிறாங்க. அவங்க நிரந்தரமாயிட்டா யாருக்காக சார் ஓடி வருவாங்க? அந்த ஒருத்தருக்கு முட்டி வேற வலி.” சொல்லிக்கொண்டே தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

“அந்த முட்டியைப் பார்த்து அழைச்சுட்டுப் போங்க சார், படி வழுக்குது” என்றான் மச்சினன்.

அவர் ஏறிய படியிலேயே புள்ளியியல்காரர் இறங்கி வந்தார். அவர் நிகழ்தகவு பேசினார். தம் ஓட்டு ஒன்றால் முடிவு மாற வாய்ப்பே இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் மாற்றிப் போட்டாராம். கணக்கு சரியாகத்தான் இருந்தது, முடிவுதான் தப்பாக வந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். அவரை அனுப்பிக் கதவைச் சாத்துவதற்குள் தமிழ்ப் பேராசிரியை. மேடத்தின் தேர்தல் கோஷங்கள் அத்தனையும் எதுகை மோனையோடு எழுதித் தந்தவர் அவர்தான். விடைத்தாள் கட்டுகளைத் திருத்தித் தர ஆள் இல்லாமல் போய்விடுமே என்ற பயத்தில், கண்ணை மூடிக்கொண்டு மாற்றிப் போட்டுவிட்டாராம். உண்மையிலேயே கண்கலங்கினார். “நான் ஒருத்திதான் இந்தப் பாவத்தைப் பண்ணினேன்” என்று அவர் விசும்பியபோது மச்சினனுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

கடைசியாகத் தத்துவத்துறைக்காரர் வந்தார். தாம் போட்ட ஓட்டு தாம் போட்டதுதானா என்றே ஒரு ஐயம் இருப்பதாகச் சொன்னார்.

“இனிஷியல் இருந்தா நீங்கதான் சார்” என்றான் மச்சினன். அவர் எழுந்து போனார்.

“ஊருக்கு உபதேசம், மாமா. அத்தனையும் ஊருக்குத்தான்” என்று மச்சினன் பெஞ்சில் சாய்ந்தான். “சரி, முடிஞ்சுது. நாலு பேர் ஒப்புக்கிட்டாங்க. வாங்க, முதல்வர்கிட்ட போவோம்.”

“கணக்குப் போடு, மாப்ளே. ஒருத்தர் மாத்திப் போட்டா வித்தியாசம் எவ்வளவு குறையும்?”

“ஒண்ணு. இல்ல இல்ல, ரெண்டு. இங்க ஒண்ணு குறையும், அங்க ஒண்ணு கூடும்.”

“ஒன்பதுல நாலு பேருக்கு எட்டைக் கழி.”

மச்சினன் விரலை மடக்கிப் பார்த்தான். “அப்பவும் மேடம் ஒரு ஓட்டுல ஜெயிக்கணுமே.”

“ஆனா ஒரு ஓட்டுல தோத்திருக்காங்க. இன்னும் ஒருத்தர் பாக்கி. அந்த அஞ்சாவது ஆள் வரலைன்னா, ‘அந்த ஒரு ஓட்டைத் தற்காலிகம்தான் மாத்தினான்’னு சொல்லிடுவாங்க. நாம அந்த நாலு பேரையும் கொண்டுபோய் நிறுத்தினாலும் பிரயோஜனம் இல்ல.”

அவர்கள் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. மேலே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஆட்சிக் குழுவுக்கு அறை தயாராகிறது. மச்சினன் நகத்தைக் கடித்தான். நடைக்கூடத்தில் நிற்கும் அந்த மனுஷனிடம் என்ன முகத்தோடு போய்ச் சொல்வது என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

கதவு தட்டப்படாமலே திறந்தது. முழக்கம் மேடம் நின்றிருந்தார்.

“நீங்க கட்டைப் பிரிக்கப் போறதாக் கேள்விப்பட்டேன். கூடாது” என்றார். இரண்டு பேர் மட்டும் இருந்த அறையில் இருநூறு பேருக்குப் பேசுகிற குரல். “இரகசிய வாக்கெடுப்பு ஜனநாயகத்தோட உயிர். அதுல கை வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.”

“புகார் கொடுத்ததே நீங்கதானே, மேடம்” என்றார் துப்பறிவாளர். “சீட்டுகளை ஒண்ணு விடாமப் பரிசோதிக்கணும்னு எழுதினதும் நீங்கதான்.”

“அது போன வாரம்.”

“நிஜச் சீட்டுதான்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தப்பிச்சிடுவார். கள்ளச் சீட்டுன்னு தெரிஞ்சா உங்களுக்கு வெற்றி. ரெண்டுல எது உங்களுக்குப் பிடிக்கல?”

மேடம் கதவைச் சாத்தினார். பெஞ்சில் உட்கார்ந்தார். மற்ற நாலு பேர் உட்கார்ந்த அதே இடம்தான். மச்சினன் அவரைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். பிறகு மெதுவாக ஐந்தாவது விரலை மடக்கினான்.

“உங்களுக்கு நீங்களேவா, மேடம்?” என்றான். கிண்டல் செய்ய நினைத்துத்தான் கேட்டான். குரல் அப்படி வரவில்லை.

“முதல்ல எனக்குத்தான் போட்டேன்” என்றார் மேடம். இப்போது அந்தக் குரல் பக்கத்து ஆளுக்கே சரியாகக் கேட்கவில்லை. “அப்புறம் அடிச்சேன். பக்கத்துல கிறுக்கினேனா இல்லையான்னு யோசிச்சு யோசிச்சு மண்டை வெடிக்குது.”

“ஏன்?”

“ஜெயிச்சா செஞ்சு காட்டணுமே. நிர்வாகம் முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டாங்க. நான் தலைவரா வந்து கேட்டா தற்காலிக ஆளுங்களை நிரந்தரமாக்கிடுவாங்களாம், ஆனா பெரியவங்களுக்கு இனி நீண்ட விடுப்பு கிடையாதாம். அவங்கவங்க வகுப்பை அவங்கவங்களே எடுக்கணும். எனக்கு அடுத்த வருஷம் முழுக்க விடுப்பு வேணும். புத்தகம் எழுதறேன்.”

“என்ன புத்தகம்?”

“சமத்துவம்” என்றார் மேடம்.

மச்சினனுக்கு நாக்கு நுனியில் நாலு பதில் வந்தது. நாலையும் விழுங்கினான்.

“மத்தவங்க எல்லாம் போடுவாங்க, ஒன்பது ஏழாகும், அவ்வளவுதான்னு நினைச்சேன். எப்படியும் ஜெயிச்சிடுவேன், ஆனா நானே எனக்குப் போடலைங்கிற ஒரு சின்ன நிம்மதி இருக்கும்னு நினைச்சேன். தோத்ததும் பயந்துட்டேன். துரோகம் பண்ணினது வேற யாரோன்னு ஆகணும்னு இருந்தது. அவன் கையில சாவி இருந்தது.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரி. நான் அவனைக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் மன்னிச்சிடறேன். வேலையும் போகாது.”

“செய்யாத தப்புக்கு மன்னிப்பா?” மச்சினன் எழுந்துவிட்டான். “அவருக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, மேடம். அப்பா திருடினாரு, ஆனா மன்னிச்சுட்டாங்கன்னு அதுங்க ஊர்ல சொல்லிட்டுத் திரியணுமா?”

துப்பறிவாளர் அவனைத் தடுக்கவில்லை. “முறைகேடு எதுவும் நடக்கல, புகார் தப்பு, பெட்டியைக் காத்தவர் நேர்மையானவர். இந்த மூணையும் சொல்லணும், மேடம். சொன்னா நான் கட்டைப் பத்திப் பேச மாட்டேன்.”

“அப்போ ஒன்பது ஓட்டு எங்க போச்சுன்னு என் மேஜையில கேப்பாங்களே. நான் என்ன பதில் சொல்றது?”

“யாருமே கேக்க மாட்டாங்க. நீங்க வேணும்னா பாருங்க.”

இரண்டு மணிக் கூட்டத்தில் மச்சினன் கதவோரம் நின்று பார்த்தான். முழக்கம் மேடம் எழுந்தார். மூன்று மாடிக்கும் கேட்கும் குரலில், தோல்வியைத் தலைவணங்கி ஏற்பதாகவும், தம் புகார் தவறு என்றும், பெட்டியைக் காத்தவர் அப்பழுக்கில்லாதவர் என்றும் சொன்னார். கட்டைப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஓட்டு எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு வரலாற்றுப் பேராசிரியர் முட்டி வலியை மறந்து எழுந்து நின்று கை தட்டினார். புள்ளியியல்காரர் தட்டினார். தமிழ்ப் பேராசிரியை தட்டினார். தத்துவக்காரர்கூட ஐயமில்லாமல் தட்டினார். மேடத்தின் பெருந்தன்மையைப் பாராட்டி அங்கேயே ஒரு தீர்மானம் போட்டார்கள். சரிங்க சார் “சரிங்க” என்றார். தற்காலிகத்தின் ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷத்துக்குத் தற்காலிகமாக நீட்டிக்கப்பட்டது.

வெளியே வரும்போது மச்சினன் கேட்டான். “மாமா, அந்தக் கட்டுல உண்மையிலேயே ஒரு இனிஷியலாவது இருக்குமா?”

“யாருக்குத் தெரியும்” என்றார் துப்பறிவாளர்.

படிக்கட்டில் தற்காலிகம் ஓடிவந்து துப்பறிவாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை.

“வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், சார். உசிரு வந்த மாதிரி இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் மனசு ஆறல. ஒரே ஒரு ஓட்டு சார். அது மட்டும் மாறாம இருந்திருந்தா மேடம் ஜெயிச்சிருப்பாங்க, நாங்க எல்லாரும் கரையேறியிருப்போம். அது யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

துப்பறிவாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“நான் என்ன சார் பண்ணப் போறேன். ஆனா யாரா இருந்தாலும் மேடத்துகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கூடவே இருக்கிறவங்க இப்படிப் பண்ணிட்டாங்கன்னு தெரிஞ்சா நொறுங்கிப் போயிடுவாங்க.”

மச்சினன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். மாமா அவன் முகத்தைப் பார்த்தார். எதற்கும் வாயடைத்துப் போகாதவன், “சொல்ல மாட்டோம்” என்று மட்டும் சொன்னான்.

மணி அடித்தது. தற்காலிகம் அவசரமாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

“வர்றேன் சார். மேடத்தைச் சுத்தி எல்லாரும் வாழ்த்திட்டு இருக்காங்க. அவங்க வகுப்புல பசங்க காத்துட்டிருப்பாங்க” என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினார்.